கடலுக்குப் போவது உடற்பயிற்சியில் சேராதா?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்று வேகமாகும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். சிறிய ஊர்களில் தொழிலும் ஊரும் சேர்ந்தாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இரண்டு கடிதங்களில் ஊரையும் பக்கத்து ஊராக மாற்றியிருக்கிறேன்.

எனக்கு 46 வயது. பாசி எடுப்பதுதான் தொழில். ஒரு வருடத்துக்கு முன் இடது மார்பை எடுத்தார்கள். கக்கத்து நெறிகளையும் எடுத்தார்கள். கீமோவும் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதும் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒருவர் தாளை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சி செய்வீர்களா, நடைப்பயிற்சி போவீர்களா, விளையாடுவீர்களா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். ‘உடல் இயக்கம் குறைவு’ என்று எழுதிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மாதத்தில் பன்னிரண்டு நாள், விடியுமுன் வத்தை (சிறு படகு) ஏறிப் போய் ஐந்து மணி நேரம் முங்கி முங்கி எடுத்தவள் நான். அது கணக்கில் சேராதா? இனி மறுபடி கடலுக்குப் போகலாமா? (மகள் எழுதித் தந்தது.)
— ஏர்வாடி வாசகி

நிச்சயமாகச் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலையில் செய்வது, நடந்து போய்வருவது, வீட்டில் செய்வது, ஓய்வு நேரத்தில் செய்வது ஆகிய எல்லாவற்றையும் உடல் இயக்கமாகவே கணக்கிடுகிறது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களையும் அது பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. அதே நிறுவனம் உடல் இயக்கத்தை அளக்க உருவாக்கிய கேள்வித்தாளில் 16 கேள்விகள் உண்டு. அதில் முதற்பகுதியே வேலையைப் பற்றியது; இரண்டாவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது பற்றியது; மூன்றாவதாகத்தான் விளையாட்டும் உடற்பயிற்சியும் வருகின்றன. உங்களிடம் கேட்டவர் கையிலிருந்தது வேறு தாளாக இருக்கலாம், அல்லது நேரமில்லாமல் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கியிருக்கலாம். நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவரிடம் அப்படிக் கேட்டால் பெரிய பிழை வராது. பாசி எடுக்கும் பெண்ணிடமும் உப்பளத்தில் நிற்கும் பெண்ணிடமும் அப்படிக் கேட்டால் விடை தலைகீழாகிவிடும்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் செலவழிக்கும் சக்தியை ‘ஒரு மெட்’ என்பார்கள். அந்தக் கேள்வித்தாள் நடுத்தர வேலைக்கு 4 மெட்டும் கடும் வேலைக்கு 8 மெட்டும் தருகிறது. நிமிடத்தை மெட்டால் பெருக்கினால், வாரத்துக்கு 150 நிமிடம் நடுத்தர வேலை என்பது 600 வருகிறது. கடலில் நீங்கள் இருந்த ஐந்து மணி நேரத்தில் மூன்று மணி நேரத்தை மட்டும் கடும் வேலை என்று எடுத்துக்கொண்டாலும் ஒரே நாளில் 1440 ஆகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாளை வாரத்துக்குச் சுமார் மூன்று நாள் என்று வைத்தால் வாரக் கணக்கு 4000-ஐத் தாண்டுகிறது. வாரம் 600 எடுக்கச் சொல்லி உங்களுக்கு அறிவுரை எழுதிய நான் சற்று வெட்கப்பட வேண்டியவன்தான்.

ஆனால் அது நோய் வருவதற்கு முந்தைய கணக்கு. கடந்த ஓராண்டில் நீங்கள் கடலில் கால் வைக்கவில்லை என்று கடிதத்தின் பின்பக்கத்தில் மகள் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்த அந்த ஓராண்டில் தொடைத் தசையும் முதுகுத் தசையும் கரைந்திருக்கும். மூச்சடக்கும் திறன் குறைந்திருக்கும். ஆகவே ‘உடல் இயக்கம் குறைவு’ என்று அந்தத் தாளில் எழுதியது, கேட்ட முறை தவறானாலும், இந்த ஒரு வருடத்துக்குச் சரியாகவே பொருந்துகிறது. நீந்திப் பழகிய உடம்புதானே என்று நேரே பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) போய்விடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை இவ்வளவு விளக்குகிறேன்.

கடலுக்குத் திரும்பலாம். அதற்கு முன் மூன்று காரியங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது இதயம். கீமோவில் சிவப்பு நிற மருந்து ஏற்றியிருந்தாலோ, அதன்பின் டிராஸ்டுசுமாப் ஊசி போட்டிருந்தாலோ, அவை இதயத் தசையைத் தளர்த்தக்கூடியவை என்பதால், எக்கோ பரிசோதனையின் முடிவைப் பார்த்த பிறகே மூச்சடக்கி முங்கும் வேலைக்கு மருத்துவர் சம்மதம் தர வேண்டும். இரண்டாவது தோள். இடது கையைக் காதோடு ஒட்டி நேராக உயர்த்த முடியாதவரை ஆழத்தில் நீந்துவது ஆபத்து. மூன்றாவதாக நான் சொல்லும் தோல் விஷயத்தைத்தான் உங்கள் தொழிலில் அதிகம் கவனிக்க வேண்டும்.

பாசி எடுப்பவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிடுங்கும்போது துணியையும் மீறி விரல் கிழியும். மற்றவர்களுக்கு அது ஒரு கீறல், அவ்வளவுதான். நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் வடிகால் குறைந்திருப்பதால் அதே கீறல் வழியாகக் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் கை முழுவதும் சிவந்து, சூடேறி, காய்ச்சல் வரக்கூடும். அத்தகைய தொற்று ஒருமுறை வந்துபோனாலே கை நிரந்தரமாக வீங்கத் தொடங்குவதும் உண்டு. ஆகையால் இடது கைக்குத் துணி போதாது. முழங்கை வரை மூடும் தடித்த ரப்பர் கையுறை வேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கையைக் கழுவிக் கீறல்களுக்கு மருந்து போடுங்கள். கை சிவந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கரண்ட் வைத்த இடத்துத் தோல் முழுவதும் ஆறியிருக்கிறதா என்பதையும் காட்டிவிட்டுத்தான் உப்புத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

முதல் மாதம் கரையிலேயே வேலை செய்யுங்கள்: பாசியைக் கழிவு நீக்கி மணலில் விரித்து உலர்த்துவது, மிதவைக் கயிற்றில் பெப்சி பாசி எனப்படும் வளர்ப்புப் பாசியை முடிவது போன்றவை. அதோடு தினமும் அரை மணி நேரம் கரையோரம் நடங்கள். அடுத்த மாதம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரம். அப்புறம்தான் முங்குவது, அதுவும் கூட ஒருவர் இல்லாமல் வேண்டாம். பையை வலது பக்கம் கட்டுங்கள். நிறைந்த பையை வத்தையில் ஏற்ற மற்றவர் கை கொடுக்கட்டும். தீவுப் பக்கம் போகலாமா என்பதை மட்டும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

என் மனைவிக்கு 38 வயது. எட்டு கீமோவில் நான்கு முடிந்திருக்கிறது. ‘பச்சை உடம்பு’ என்று சொல்லி என் தாயார் அவளை வாசல் பெருக்கக்கூட விடுவதில்லை. நானும் அதுதான் நல்லது என்று இருந்தேன். ஆனால் படுக்கப் படுக்க அவளுக்குக் களைப்பு கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?
— தங்கச்சிமடம் வாசகர்

உங்கள் தாயாரின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பார்த்த பக்குவத்தை அவர் மருமகளுக்கும் பார்க்கிறார். ஆனால் இந்தக் களைப்பு தூங்கினால் தீரும் களைப்பு அன்று. மருந்தும் இரத்தச்சோகையும் கவலையும் சேர்ந்து உண்டாக்கும் அசதியில் ஒருவர் படுத்தே இருந்தால் தசை மேலும் தளர்கிறது. தளர்ந்த தசைக்குச் சின்ன வேலையும் பெரும் பாரமாகிறது. அதனால் மறுபடி படுக்கத் தோன்றுகிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சை நடக்கும் காலத்திலேயே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்குமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறது. களைப்பு குறைவதே அதற்கு முதன்மையான காரணம்.

மருந்து ஏற்றிய பிறகு வரும் மூன்று நான்கு நாட்கள் பெரும்பாலோருக்கு மோசமான நாட்கள். அப்போது வீட்டுக்குள் சமையலறைக்கும் திண்ணைக்கும் நடந்தாலே போதும். ஐந்தாம் நாளிலிருந்து காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று நீங்களும் உடன் நடங்கள். இயன்றால் மதியத்துக்கு முன் இன்னொரு பத்து நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் சரியான வேகம். வாசல் பெருக்குவதும் கோலம் போடுவதும் நல்ல வேலைகளே. தண்ணீர்க் குடத்தை மட்டும் நீங்கள் தூக்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மார்பு வலித்தாலோ, ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ நடையை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் மருந்து ஏற்றுவதற்கான குழாயை நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால் கடலில் குளிப்பது கூடாது. பின் நான்கு கீமோவில் பாக்லிடாக்சல் என்ற மருந்து இருந்தால் பாதம் மரத்துப்போகலாம். மரத்த பாதத்துக்கு நண்பகல் மணலின் சூடும் தெரியாது, கிளிஞ்சல் குத்தியதும் தெரியாது. செருப்பில்லாமல் கடற்கரையில் நடக்க விடாதீர்கள்.

நான் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். வலது பக்கம் ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். கை லேசாக வீங்கியிருக்கிறது. இனி இந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்று ஆபரேஷன் முடிந்தபோது சொல்லி அனுப்பினார்கள். கூடை தூக்காமல் நான் எப்படிப் பிழைப்பது?
— பாம்பன் வாசகி

இருபது ஆண்டுகளுக்கு முன் எல்லா மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பினோம், நான் உட்பட. குழந்தையைத் தூக்காதே, குடம் தூக்காதே, தோசை மாவு ஆட்டாதே என்று ஒரு பட்டியலே உண்டு. சான்று பார்த்துச் சொன்னதல்ல அது, பயத்தில் சொன்னது.

அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் வாரம் இருமுறை எடை தூக்க வைத்து ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. அதுமட்டுமன்றி, வீக்கம் திடீரென்று முற்றிச் சிகிச்சை தேவைப்படும் நிலை தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் தூக்கியவர்களில் 14 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. தசை சுருங்கி விரியும்போது நிணநீரைப் பிழிந்து மேலே தள்ளுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் முதல் நாளே கூடை தூக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கை தாங்குகிறது என்று தெரிந்த பிறகே சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். பயிற்சியின்போது கையில் அமுக்க உறை அணிந்திருந்தார்கள். நீங்களும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள். முழங்கையை மடக்கித் தூக்குவது, பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது, சுவரில் இரு கையையும் ஊன்றி உடலைச் சாய்த்து நிமிர்வது ஆகிய மூன்றையும் பத்துப் பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து வாருங்கள். இரண்டு வாரம் கை எப்போதும்போல் இருந்தால் எடையை ஒரு படி கூட்டுங்கள். மணிக்கட்டுக்கு மேல் ஓரிடத்தையும் முழங்கைக்கு மேல் ஓரிடத்தையும் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியுமுன் டேப்புக்குத் தெரிந்துவிடும்.

கூடையைப் பொறுத்தவரை, நிறைந்த ஒரே கூடையாக இல்லாமல் இரண்டு சிறு கூடைகளாக்கிக்கொள்ளுங்கள். தலைச்சுமையில் எனக்குத் தடையில்லை. ஏற்றி இறக்கும்போது வலது கை மட்டும் முழுப் பாரத்தையும் வெட்டி இழுக்கக் கூடாது. கனத்த பையின் வாரை அந்தக் கை மடிப்பில் மாட்டிக்கொண்டு பேருந்தில் நெடுநேரம் நிற்பதையும் தவிர்த்துவிடுங்கள். மீன் முள் குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை மேலே ஏர்வாடி வாசகிக்கு எழுதியிருக்கிறேன்.

என் உம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். தொழுகையில் தக்பீர் கட்டும்போது ஒரு கை தோள் வரைகூட எழவில்லை. கக்கத்துக்குள் கம்பி இழுப்பதுபோல் இருக்கிறது என்கிறார். வெளியே நடக்கப் போகும் வழக்கம் அவருக்கு இல்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
— கீழக்கரை வாசகி

கையைப் பக்கவாட்டில் உயர்த்திக் கக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தோலுக்கடியில் தந்திபோல் ஒன்றோ இரண்டோ விறைத்து நிற்கும். சிலருக்கு அது முழங்கை வரை ஓடும். நெறி எடுத்தவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களில் வருவதுதான் இது. ஆபத்தில்லை, நீட்டிப் பயிற்சி செய்யச் செய்யத் தளரும். வலிக்கிறதே என்று கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால்தான் தோள் இறுகிப்போகும்.

வடிகுழாய் எடுத்துக் காயம் ஆறிவிட்டதென்றால் இப்போதே தொடங்கலாம். சுவரை நோக்கி நின்று, விரல்களால் பல்லி ஏறுவதுபோல் மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை ஏறினால் போதும். ஐவேளைத் தொழுகையில் கை உயர்த்துவதும், ருகூவில் குனிவதும், ஸஜ்தாவில் கைகளை ஊன்றுவதும் எழுவதும் மூட்டுகளுக்கு நல்ல அசைவுதான்; ஊன்றும்போது வலித்தால் சில வாரம் உட்கார்ந்தே தொழட்டும். நடப்பதற்கு மொட்டை மாடி இருக்கிறதே. அஸருக்குப் பின் வெயில் தாழ்ந்ததும் கால் மணி நேரம் நீங்கள் இருவரும் பேசிக்கொண்டே நடங்கள். தோள் மூன்று வாரத்தில் முன்னேறவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆசிரியையாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் எழுந்தால் விரலும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன. தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லிக் கைப்பேசி நச்சரிக்கிறது, ஐயாயிரம்தான் முடிகிறது.
— தொண்டி வாசகி

பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். மருத்துவம் வகுத்த எல்லை அன்று. உங்கள் ஐயாயிரத்தை ஆறாயிரமாக்கினாலே எனக்கு மகிழ்ச்சி. மூட்டுப் பிடிப்பு அந்த மாத்திரையால் வருவது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இவ்வகை மாத்திரை சாப்பிட்ட 121 பெண்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நடையும் எடைப் பயிற்சியும் செய்தவர்களின் மூட்டு வலி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. வகுப்பில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். இம்மாத்திரை எலும்பையும் மெலியச் செய்யும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிறேன். என் அக்காவுக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. தினமும் நடந்தால் நோய் திரும்ப வராது என்று சொல்கிறார்களே, உண்மையா?
— வாலிநோக்கம் வாசகி

வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கச் செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், மார்பகப் புற்றுநோய் வந்த 2987 பேரில், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடப்பதற்கு ஈடாக உடலை இயக்கியவர்கள் அந்நோயால் இறந்தது, மிகக் குறைவாக இயங்கியவர்களோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. 2005-இல் வெளியான அந்த முடிவைத்தான் பலரும் பல விதமாகச் சொல்லி வருகிறார்கள். உடம்பு நன்றாக இருந்தவர்களால் அதிகம் நடக்க முடிந்திருக்கும் என்ற ஐயம் இத்தகைய ஆய்வில் எப்போதும் உண்டு. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்து, உடற்பயிற்சி நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்று 2025-இல் காட்டிய ஆய்வு பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது. அதை அப்படியே மார்பகத்துக்கு எடுத்து ஒட்ட முடியாது. களைப்பு, மன உளைச்சல், எடை ஏறுவது, எலும்புத் தேய்வு ஆகியவற்றுக்காகவே அக்கா நடப்பது தகும். மற்றது கிடைத்தால் லாபம்.

நடப்பதால் பரிசோதனை தேவையில்லை என்று ஆகிவிடாது. முதுகெலும்பிலோ இடுப்பிலோ வாரக்கணக்கில் நீங்காத வலி இருந்தால், அது உழைப்பு வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல், படம் எடுத்துப் பார்க்கும்வரை கனமானது எதையும் அவர் தூக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் தவறக் கூடாது. கடிதத்தில் அக்காவைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவருக்கு வந்தால் உங்களுக்கும் மற்றவரைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. அடுத்த முறை அக்காவுக்குத் துணையாகப் போகும்போது, உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.